நீரில் மிதந்துவரும் பிறர் பொருளும் கண்டெடுத்தவர் செய்யத்தக்கவையும்

லாஸ்பேட்டை கடற்கரை ஊரன்று. அதற்கும் கடலுக்கும் நடுவே முத்தியால்பேட்டை முதலிய பகுதிகள் உள்ளன. 1765 முதல் 1777 வரை புதுச்சேரியில் கவர்னராயிருந்த ழான் லா டி லாரிஸ்டன் என்பவரின் பெயரால் ஏற்பட்ட பேட்டை என்று இவ்வூர்ப் பெயருக்குக் காரணம் கூறுவர். ஆயினும் இவ்வூரார் ஜலத்தோடு சம்பந்தமற்றவரல்லர். விடுமுறை நாட்களில் குடும்ப சமேதராய் நோணாங்குப்பம் சென்று சுண்ணாம்பாற்றில் படகேறுவோர் அநேகர். ஊசுட்டேரிக்குப் பறவை காணச் செல்வோரும் உளர். சோலை நகர், வைத்திக்குப்பம் முதலிய குப்பங்களில் சிநேகமுள்ளவர்கள் பைபர் படகில் கடலுக்குப் போய்வருவதும் உண்டு. அவ்வாறு செல்லுகையில் நீரின்மேல் ஒரு செருப்போ, பையோ, வலைத்துண்டோ, பீப்பாயோ மிதந்துவரக் காண்பது சாதாரணம். அதை எடுக்கலாமா, எடுத்தால் யாருக்கு உரியது, யாரிடம் ஒப்புவிப்பது என்பவற்றில் ஜனங்களிடையே பலவித அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. கடல் கொடுத்தது கண்டவனுக்குச் சொந்தம் என்பது அவற்றுள் மிகப் பரவியது. மிகத் தவறானதும் அதுவே.

பொருளைப்பற்றி யோசிக்குமுன் யோசிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மிதக்கும் பொருள் தானாக நீருக்கு வரவில்லை. அதனுடன் ஒரு ஆளும் நீரில் விழுந்திருக்கலாம். ஆளில்லாத படகு, கவிழ்ந்த கட்டுமரம், காலியான உயிர்காப்பு மேலங்கி, ஒற்றைச் செருப்பு, பள்ளிப்பை, இன்னும் நனைந்து ஊறாத துணி ஆகியவற்றைக் கண்டால் முதலில் சுற்றுமுள்ள நீர்ப்பரப்பையே நோக்கவேண்டும். பொருளைப் படகில் ஏற்றி, பிரித்துப் பார்த்து, விலை மதித்துக்கொண்டிருக்கும் பத்து நிமிஷத்தில் ஒரு உயிர் போய்விடக்கூடும். படகிலுள்ளவர்களில் ஒருவர் அவ்விடத்தை விரலால் சுட்டிக்கொண்டே கண் எடுக்காமல் இருக்க வேண்டும். மற்றொருவர் மணியையும், கைப்பேசி காட்டும் இடக்குறியையும் குறித்துக்கொள்ள வேண்டும். கடலாயின் கரைக்காவற்படையின் 1554 என்ற எண்ணுக்கும், கடலோரப் போலீசாரின் 1093 என்ற எண்ணுக்கும் தகவல் கொடுக்கலாம். எங்கிருந்தாயினும் 112 என்ற எண் பயன்படும். ஆற்றிலோ ஏரியிலோ ஆயின் படகுக் குழாமின் காவலாளரைக் கூவி அழைப்பது இன்னும் விரைவானது. தத்தளிப்பவரைக் கண்டால் நீந்தத் தெரிந்தவரும் சட்டென்று குதித்துவிடலாகாது. கயிறு, துடுப்பு, மூடி இறுகிய காலி டப்பா, உபரியான மேலங்கி இவற்றுள் எது கைக்குக் கிட்டுகிறதோ அதை எறிய வேண்டும்.

ஆளுக்கு அபாயமில்லை என்று நிச்சயமான பின் அடுத்த கேள்வி எழுகிறது: அது தவறிப்போன பொருள்தானா? மிதப்பதெல்லாம் தொலைந்ததல்ல. கடலில் வரிசையாகத் தெரியும் தெர்மோகோல் துண்டுகளும், மூங்கிற் கழியில் கட்டிய சிறு கொடிகளும், கயிற்றின் தலைப்பில் ஆடும் காலிக் கேன்களும் ஒரு மீனவர் தம் வலையை இறக்கி வைத்துள்ள இடத்தின் அடையாளங்கள். சொந்தக்காரர் பக்கத்தில் காணப்படாவிட்டாலும் விடியலில் வந்து வலையை எடுப்பார். நகரத்திலிருந்து வேடிக்கையாகப் படகேறியவர் அக்கொடியை ஞாபகார்த்தமாக உருவிக்கொண்டு வந்துவிட்டால், அந்த மீனவருக்கு வலை கிடக்குமிடம் தெரியாமல் போய்விடும். போகும் வலை பெரும்பாலும் கடன்பட்டு வாங்கியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அசைத்துப் பார்த்து, அடியில் கயிறு இறுகியிருக்குமாயின் அதை விட்டு விலகுவதே முறை.

ஜலத்திற்கென்றே கொடுக்கப்பட்டவையும் உண்டு. மாசிமகத்தன்று வைத்திக்குப்பத்துக் கடற்கரைக்குப் பல ஊர்த் தெய்வங்கள் எழுந்தருளும்போதும், மற்ற நாட்களில் பிதிர்காரியம் செய்வோராலும் மாலையும் தேங்காயும் கலசமும் நீரில் விடப்படுகின்றன. அஸ்தி கரைத்த பானையை அலங்காரப் பாத்திரமென்று வீட்டிற்கு எடுத்துச்சென்றவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவற்றை அப்படியே போகவிடுவதில் குற்றமொன்றுமில்லை. பிளாஸ்டிக் புட்டி, உறை முதலிய குப்பைகளை எடுத்துக் கரையில் சேர்ப்பதற்கு யாருடைய உத்தரவும் வேண்டாம்.

உண்மையாகவே அறுந்துவந்த வலையின் விஷயம் தனியே கூறத்தக்கது. புயற்காற்றிலும், பெரிய படகுகளின் விசிறியிற் சிக்கியும் அறுந்துபோகும் நைலான் வலைகள் மக்குவதில்லை. அவை ஆளின்றியே மாதக்கணக்கில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும்; பிடித்ததை யாரும் உண்பதுமில்லை. தை முதல் பங்குனி வரை முட்டையிடக் கரை நோக்கிவரும் பங்குனி ஆமைகள் இவற்றில் சிக்கி, மூச்சுவாங்க மேலே வர இயலாமல் இறக்கின்றன. ஆகையால் அறுந்த வலையைக் கரைசேர்ப்பது இரட்டை உபகாரம். ஆமை உயிருடன் சிக்கியிருந்தால், அதை இழுக்காமல் வலையின் கண்களை மட்டும் அறுத்து விடுவிக்க வேண்டும். ஆமையோ அதன் முட்டையோ யாருக்கும் உடைமையாகாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. வலையை அணுகும்போது எஞ்சினை நிறுத்திவிடுவது அவசியம். விசிறியில் நூல் சுற்றிக்கொண்டால், உதவி செய்ய வந்த படகே உதவி தேடவேண்டியதாகும்.

அவ்வலைக்குச் சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது தோன்றுமளவு கடினமன்று. மிதவையிலும் ஈயக்குண்டிலும் ஒவ்வொரு குப்பத்தாருக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஏலக்கூடத்தில் காட்டினால் இன்ன ஊர்ச் சரக்கு என்று முதியவர் சொல்லிவிடுவர். படகாயின் அதன் பக்கத்திலுள்ள பதிவு எண்ணே போதும். எண்ணின் முற்பகுதியில் புதுவைப் படகுகளுக்கு 'பி.ஒய்.' என்றும், தமிழ்நாட்டுப் படகுகளுக்கு 'டி.என்.' என்றும் ஆங்கில எழுத்துக்கள் இருக்கும். மீன்வளத்துறை அலுவலகத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் உடையவர் யாரென்று தெரியும். நீரோட்டத்தையும் சாட்சியாகக் கொள்ளலாம். ஐப்பசி முதல் மார்கழி வரை இக்கரையோர நீரோட்டம் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும். மாசி, பங்குனியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கும். ஆகவே கார்த்திகையில் கிடைத்த பொருளைப்பற்றிக் கோட்டக்குப்பம், மரக்காணம் பக்கம் விசாரிப்பதும், பங்குனியில் கிடைத்ததைப்பற்றி வீராம்பட்டினம், கடலூர் பக்கம் விசாரிப்பதும் வீண்போகாது.

இனி, தொடவே கூடாத பொருள்கள். 2025 மே 25ஆம் தேதி கொச்சிக்கு அப்பால் லைபீரியக் கொடி பூண்ட எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. அதில் 640 சரக்குப் பெட்டிகள் இருந்தன. அவற்றுள் 13 அபாயகரமான சரக்குடையவை; அப்பதின்மூன்றில் 12 பெட்டிகளில் கால்சியம் கார்பைடு இருந்தது. பழம் பழுக்க வைக்கக் கள்ளத்தனமாக உபயோகிக்கப்படும் கார்பைடு கல் இதுவே. இதன்மேல் நீர் பட்டால் எளிதில் தீப்பற்றும் வாயு கிளம்பும். பெட்டிகள் கொல்லம், ஆலப்புழை முதலிய கரைகளில் ஒதுங்கியபோது, 200 மீட்டர் தூரத்திற்குள் எவரும் நெருங்கலாகாதென்றும் 112க்கு அறிவிக்க வேண்டுமென்றும் கேரள அதிகாரிகள் எச்சரித்தனர். கப்பலிலிருந்து சிந்திய வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரிக் கரைவரை வந்தன. இதற்கு நான்கு வருஷங்களுக்கு முன், 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அருகே தீப்பற்றி, பின் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலும் நைட்ரிக் அமிலம் 25 டன் இருந்தது. அதன் சரக்குகள் நீர்கொழும்புப் பக்கம் ஒதுங்கினபோது, அவற்றைத் தொடவேண்டாமென்று இலங்கை அரசாங்கம் தடுத்தும் சிலர் அள்ளிச்செல்ல முற்பட்டனர். நல்ல பெட்டியில் நல்ல சரக்கே இருக்கும் என்ற நம்பிக்கை எங்கும் ஒன்றுபோலவே இருக்கிறது.

மூடி முத்திரையிட்ட பீப்பாய், புகை கக்கும் குழாய், எழுத்தழிந்த உலோக உருளை இவற்றையும் இவ்வகுப்பில் சேர்க்க வேண்டும். கடற்படையினரும் கப்பல்களும் இடங்காட்டுவதற்காக எறியும் சில குழாய்களில் பாஸ்பரஸ் சம்பந்தமான பொருள்கள் உண்டு. அணைந்ததாகத் தோன்றியபின்னும் அவை மீண்டும் எரியக்கூடும். 2022இல் மாமல்லபுரத்திற்கு அருகே கடலில் வந்த பீப்பாயொன்றில் சீனத் தேயிலைப் பொட்டலங்கள்போல் கட்டப்பட்டிருந்தது மெத்தாம்பெட்டமைன் என்னும் போதைப்பொருள். அத்தகைய பொட்டலத்தை அறியாமல் வீட்டில் வைத்திருப்பவரும், பிற்பாடு தம் அறியாமையை நிரூபிக்கப் பெரும்பாடு படவேண்டிவரும். சந்தேகமான பொருளின் படத்தை எட்ட இருந்தே எடுத்து, இடத்தைக் குறித்து, 1093க்குச் சொல்லிவிட்டு, காற்று வரும் திசையில் விலகி நிற்பதே உசிதம்.

அம்பர்கிரீஸ் என்பது வேறு வகை ஆபத்து. திமிங்கில வகைகளுள் ஒன்றின் குடலில் உண்டாகி மெழுகுக் கட்டிபோல் மிதக்கும் இப்பொருள், வாசனைத் திரவியத் தொழிலில் பெருவிலைக்குப் போவதென்று பத்திரிகைகளில் அடிக்கடி காணப்படுகிறது. இந்தியாவில் இதை வைத்திருத்தலும் விற்றலும் குற்றம். 2022 ஜூலையில் விழிஞ்ஞம் மீனவர்கள் 28 கிலோவுக்கு மேற்பட்ட கட்டியொன்றைக் கடலில் கண்டெடுத்துக் கரைக்குக் கொணர்ந்து, கடலோரப் போலீசாரிடம் ஒப்புவித்தனர். அது வனத்துறைக்குச் சென்றது. அதன் மதிப்பு பல கோடி ரூபாய் என்று அப்போது பேசப்பட்டது. கொடுத்தவர்கள் அதில் ஒரு காசும் அடையவில்லை என்று பரிகசித்தவர்களும் உண்டு. அப்பரிகாசக்காரரில் எவரும், விற்கப்போய்ப் பிடிபட்டவர்களின் வழக்குச் செலவைக் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

சட்டத்தின் நிலையை இனி நோக்கலாம். ஏரி, குளம், கடலேற்றம் எட்டாத ஆறு ஆகியவற்றில் கிடைத்த பொருளுக்கும், தெருவிலே கிடைத்த பொருளுக்கும் வித்தியாசமில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசத்தில் வைத்துக்கொள்பவரை, அடைக்கலப் பொருளைப் பெற்றவரோடு ஒப்பவைத்து, அவருக்குரிய பொறுப்பையே சுமத்துகிறது. அதாவது, சாதாரண விவேகமுள்ளவர் தம் பொருளை எவ்வளவு கவனத்துடன் காப்பாரோ அவ்வளவு கவனத்துடன் அதைக் காக்க வேண்டும். எடுக்க வேண்டுமென்ற கட்டாயம் எவருக்குமில்லை. எடுத்தபின் பொறுப்பு உண்டு. மிதந்த கைப்பேசியை எடுத்து அலட்சியமாய் மீண்டும் நீரில் போட்டுவிட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் எடுத்தவரே.

எடுத்தவருக்கும் உரிமைகள் உள்ளன. 168ஆம் பிரிவின்படி, பொருளைக் காப்பதற்கும் சொந்தக்காரரைத் தேடுவதற்கும் தாமாகவே பட்ட சிரமத்திற்கும் செலவிற்கும் ஈடுகேட்டு வழக்குப் போட அவருக்கு உரிமையில்லை. ஆனால் அவ்வீட்டைப் பெறுமட்டும் பொருளைத் தம் வசம் நிறுத்திவைக்கலாம். கண்டுபிடித்துத் தருவோருக்கு இவ்வளவு தருவேன் என்று உடையவர் முன்னமே விளம்பரம் செய்திருந்தால், அத்தொகைக்கு வழக்கிடவும் செய்யலாம். 169ஆம் பிரிவு விற்பனையைப்பற்றியது. வழக்கமாக விற்பனையாகும் பொருளாய் இருந்து, தக்க முயற்சி செய்தும் உடையவர் அகப்படாவிட்டால், அல்லது அகப்பட்டும் நியாயமான செலவைக் கொடுக்க மறுத்தால், இரண்டு சந்தர்ப்பங்களில் எடுத்தவர் அதை விற்கலாம்: பொருள் கெட்டுப்போகும் அல்லது மதிப்பின் பெரும்பகுதியை இழக்கும் நிலையில் இருக்கும்போதும், காத்த செலவு அதன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டும்போதும்.

தேடாமலே வைத்துக்கொள்வது வேறு விஷயம். பழைய தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 314ஆம் பிரிவில் இருக்கிறது. உடையவரை அறிந்தோ, அறியக்கூடிய வழி இருந்தோ, நியாயமான காலம் காத்திராமலும் விசாரியாமலும் பொருளைத் தனதாக்கிக்கொண்டால், அது நேர்மையற்ற கையாடல். ஆறு மாதத்திற்குக் குறையாமல் இரண்டு வருஷம்வரை சிறையும் அபராதமும் உண்டு. எண்ணற்றவர் நடக்கும் பாதையில் ஒரு நாணயம் கிடந்து, யாருடையதென்று அறிய வழியே இல்லாவிட்டால், அதை எடுத்தவர் குற்றவாளியாகார். அடையாள அட்டையுடன் மிதந்துவந்த பணப்பையை எடுத்து, அட்டையை எறிந்துவிட்டுப் பணத்தை வைத்துக்கொள்பவர் அக்கணமே குற்றவாளியாவார்.

கடலிலும், கடலேற்றம் புகும் கழிமுகத்திலும் சட்டம் சற்று மாறுகிறது. கப்பலிலிருந்து எறியப்பட்டு மிதப்பவை, மூழ்கினவை, திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு மிதவையிற் கட்டி மூழ்கவிட்டவை, நம்பிக்கையற்றுக் கைவிடப்பட்ட கலம் ஆகிய யாவும் கடற்சட்டத்தில் ஒரே பெயரால் அடங்கும் சேதப்பொருள்கள். இந்தியாவில் 1958ஆம் வருஷத்து வணிகக் கப்பல் சட்டம், அவற்றைக் கண்டெடுத்தவர் தாமே உடையவராயிருந்தாலன்றி, அதற்கென நியமிக்கப்பட்ட உத்தியோகஸ்தரிடம் கூடிய சீக்கிரம் ஒப்புவிக்க வேண்டுமென்று விதித்தது. அச்சட்டத்தின் இடத்தில் வருவதற்கென 2025இல் பார்லிமெண்டு இயற்றிய புதிய சட்டத்திலும் சேதப்பொருளைப்பற்றிய பகுதி உண்டு. காப்பாற்றிக் கொடுத்தவருக்கு உடையவரிடமிருந்து மீட்புக்கூலி பெறும் உரிமை இச்சட்டங்களில் கூறப்பட்டிருப்பதைக் கரையோரத்தார் பலர் அறியார். அவ்வுத்தியோகஸ்தர் யார் என்று தெரியாதவர் கடலோரக் காவல் நிலையத்தில் கேட்டறியலாம்.

பிரெஞ்சியரின் பழைய முறையும் இத்தன்மையதே. பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், 1681இல் பிறந்த கடற்சட்டம், கடலில் கண்டெடுத்த சேதப்பொருளைப்பற்றி 24 மணி நேரத்திற்குள் அதிகாரிக்கு அறிவிக்கவேண்டுமென்றும், உடையவர் ஒரு வருஷமும் ஒரு நாளும் கடப்பதற்குள் வந்து கேட்கலாமென்றும், நடுக்கடலில் மிதந்ததையோ அடியில் கிடந்ததையோ மீட்டவருக்கு மூன்றில் ஒரு பங்கு உடனே உரியதென்றும் வகுத்தது. ஏமாறாமலும் ஏமாற்றாமலும் இருக்கச் செய்யும் இவ்விகிதம் மிகவும் யோசித்து ஏற்பட்டதென்றே சொல்லவேண்டும். 1761 ஜனவரி 1ஆம் தேதி அடித்த புயலில், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களில் மூன்று மூழ்கின. வேறு மூன்று இக்கரையில் மோதின. சுமார் 1,100 பேர் மாண்டனர். கப்பற்சேதம் இவ்வூருக்குப் புதிதன்று.

கண்டவர் பட்ட செலவை யார் கொடுப்பது என்ற கேள்வி அண்மையிலும் இங்கே எழுந்தது. 2019 டிசம்பர் தொடக்கத்தில் வம்பாகீரப்பாளையம் மீனவர்கள் கடலில் பெரிய உருளையொன்றைக் கண்டு, படகுகளிற் கட்டி இழுத்துக் கரைசேர்த்தனர். அதன்மேல் 'பி.எஸ்.ஓ.எம். எக்ஸ்.எல்.' என்று எழுதியிருந்தது, அது பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பக்கத்திற் பொருத்தும் எஞ்சின் என்று பின்பு தெரிந்தது. நவம்பர் 27ஆம் தேதிதான் சி-47 என்ற ராக்கெட்டு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டிருந்தது. விண்வெளித் துறையினர் அதைத் தேடி வந்தபோது, தொழிலும் டீசலும் போனதற்கு மீனவர்கள் ஈடு கேட்டனர். அவர்கள் கேட்டதில் அநியாயமொன்றும் காணப்படவில்லை. அதனை விட்டுவிட்டிருந்தால் இரவில் வேறொரு படகு அதன்மேல் மோதியிருக்கக்கூடும். ஈடு கேட்போர் எத்தனை படகு, எத்தனை பேர், எவ்வளவு எரிபொருள், எந்த வலை சேதம் என்று அன்றே எழுதி, போலீசாரிடம் ஒரு நகல் கொடுத்து வைப்பது பிற்பாடு வாதத்தைக் குறைக்கும்.

மஞ்சள் நிறத்தில் விளக்கும் கம்பமும் உடைய பெரிய மிதவைகளைப்பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக் கடலில் இத்தகைய மிதவைகளை நிறுத்தியிருக்கிறது. அவை காற்றையும் அலையையும் அளந்து செய்தி அனுப்புபவை. சுனாமி அறிவிப்பவையும் அவற்றுள் உண்டு. மீன் கூடுமென்று அதிற் படகைக் கட்டுவதும், உள்ளிருக்கும் மின்கலத்திற்காக உடைப்பதும், புயலைச் சொல்லும் வாயை அடைப்பதாகும். சங்கிலி அறுந்து மிதந்து வந்தாலும் அதில் எழுதியுள்ளபடி அறிவிக்க வேண்டும்.

2022 மே மாதத்தில் அசானி புயல் வீசியபோது, ஆந்திர தேசத்துச் ஸ்ரீகாகுளம் ஜில்லாவில் சுன்னப்பள்ளிக் கரைக்குப் பொன்னிறத் தேர் போன்ற மிதப்பு ஒன்று வந்தது. உள்ளூரார் அதைக் கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றினார்கள். மியான்மர் முதலிய கீழ்த்திசை நாடுகளிலிருந்து வந்திருக்கலாமென்று கருதப்பட்ட அதனைப் போலீசார் தம் வசம் எடுத்துக்கொண்டனர். பொன்னென்று சுரண்டிப் பார்க்க ஆசைப்பட்டவர் எத்தனை பேரோ!

சிறு பொருள்களின் விஷயத்தில் முறை எளிது. மிதிபடகிலும் சிறு வள்ளத்திலும் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து கைநீட்டுவதால் படகு கவிழ்வதுண்டு. காற்றுக்கு எதிர்முகமாக மெல்ல அணுகி, ஒருவர் மட்டும் உட்கார்ந்தபடியே துடுப்பாலோ கொக்கிக் கழியாலோ பொருளை இழுக்க, மற்றவர் எதிர்ப்பக்கம் பாரமாக இருக்க வேண்டும். படகுக் குழாமிற்குள் கிடைத்ததை அங்குள்ள அலுவலகத்திலேயே கொடுக்கலாம். தவறவிட்டவர் முதலில் தேடிவருமிடம் அதுவே. நனைந்த கைப்பேசியைத் திறந்து இயக்கிப் பார்த்தல் அதைக் கெடுக்கும். பாஸ்போர்ட்டு, ஆதார் அட்டை, பெரும் பணம், நகை ஆகியவற்றை அருகிலுள்ள காவல் நிலையத்தில் கொடுத்து, பொருளின் விவரமும் தேதியும் கண்டவரின் கையொப்பமும் கொண்ட ரசீது பெற வேண்டும். பணத்தை எண்ணும்போது இரண்டு சாட்சிகள் இருப்பது இருதரப்பிற்கும் நல்லது. நகையின் முழு அடையாளத்தையும் வெளியில் பரப்பலாகாது. ஒரு குறியை மறைத்து வைத்தால், வந்து கேட்பவர் அதைச் சொல்லுகிறாரா என்று சோதிக்கலாம்.

உடையவர் தெரியாத பொருள் போலீசார் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் சென்றால், உரிமை கோருவோர் ஆறு மாதத்திற்குள் வரும்படி அவர் பிரகடனம் செய்வார். அக்காலம் கழிந்தும் எவரும் வராத பொருள் சர்க்கார் வசமாகும். கண்டெடுத்தவர் தம் ரசீதை அதுவரையில் பத்திரமாய் வைத்திருக்க வேண்டும்.